நிலை நிற்கட்டும்

பொன்னேரியில் என் கிரில் பட்டறைக்கு முப்பத்தெட்டு வயது. அப்பா தச்சர். சுற்றுவட்டாரத்தில் அவர் நிறுத்திய வாசல் நிலைகள் நூறுக்குக் குறையாது. அவற்றில் ஏழெட்டை, ஷட்டர் மாட்டுவதற்காக, நானே கடப்பாரை போட்டுப் பெயர்த்திருக்கிறேன். அது தவறு என்று இப்போது தெரிகிறது. எதனால் தவறு என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நிலை வைக்கும் நாள் எங்கள் பக்கம் பாதிக் கல்யாணம். கற்பூரம் காட்டி, மஞ்சள் குங்குமம் இட்டு, மாவிலை கட்டி, படிக்கு அடியில் நவதானியமும் காசும் ஒரு பொட்டுத் தங்கமும் போட்டுத்தான் நிலையைத் தூக்கி நிறுத்துவார்கள். தச்சருக்கு வேட்டியும் தட்சணையும் உண்டு. கூரை ஏறும் முன்பே வாசல் பிறந்துவிடும். சுவர் அதன் பிறகு அந்த நிலையைப் பார்த்து வளரும்.

இது சடங்கு மட்டுமில்லை. பழைய வீடுகளில் கான்கிரீட் லிண்டல் கிடையாது. நிலையின் மேல்சட்டமும் அதன்மேல் பதித்த பலகைகளுமே தலைக்கு மேலுள்ள செங்கல் சுவரைத் தாங்கும். கதவுக்குக் கீலும் இருக்காது. கதவுப் பலகையிலேயே மேலும் கீழும் செதுக்கிய குடுமி, நிலையிலுள்ள குழியில் உட்கார்ந்து சுழலும். வருடத்துக்கு ஒருமுறை விளக்கெண்ணெய் விட்டால் போதும். நாதாங்கி, கொண்டி, உள்ளே குறுக்குக் கட்டை. இவ்வளவுதான் பாதுகாப்பு. அந்த நிலையை உருவினால் இரண்டு மழைக்காலத்துக்குள் மேல்சுவரில் சாய்வாக ஒரு வெடிப்பு ஓடும். நான் ஷட்டர் போட்ட ஒரு வீட்டில் அந்த வெடிப்பு இன்றும் இருக்கிறது. அந்தத் தெருவழியாகப் போகும்போதெல்லாம் என் கண் முதலில் அங்கேதான் போகும்.

ஏன் எல்லாரும் பெயர்த்தார்கள்? கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. வேலைக்கு வந்தவர்களுக்கு அறை வேண்டியிருந்தது. ஒரு குடும்பம் இருந்த வீட்டில் நான்கு குடித்தனம் வந்தது. பிறகு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பையன்கள் வந்தார்கள். யார் வருகிறார், யார் போகிறார் என்று தெரியாத நிலையில் திண்ணை ஆபத்தாகப்பட்டது. அதை மறித்து கிரில் போட்டார்கள், அல்லது இடித்துக் கடையாக்கி ஷட்டர் போட்டார்கள். அதே சிப்காட்டின் உருட்டாலைகளிலிருந்து ஆங்கிளும் பட்டையும் கம்பியும் எங்கள் பட்டறைக்கு வந்து இறங்கின. தேக்கு விலை ஏறிக்கொண்டே போனது. அப்பாவுக்கு வேலை குறைந்தது, எனக்குக் கூடியது. அந்தக் காசில்தான் என் பிள்ளைகள் படித்தார்கள். அதனால் வாசலைப் புதுப்பித்த யாரையும் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பூட்டு வேண்டும், வெளிச்சம் வேண்டும், பயமில்லாமல் தூங்க வேண்டும்.

ஆனால் யாரும் கை வைக்க முடியாத ஒரு வாசலும் எங்கள் பக்கம் உண்டு. இங்கிருந்து வடகிழக்கே போனால் பழவேற்காடு. டச்சுக்காரர்கள் 1613-இல் அங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கரையில் அவர்களுக்குத் தலைமையிடம் அதுதான். 1690-இல்தான் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறியது. அத்தனை கப்பல் வந்துபோன கோட்டை இன்று முட்புதர் மூடிய மேடு. ஆனால் டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாசல் நிற்கிறது. இருபுறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடு, பக்கத்துக்கு ஒன்றாக. உள்ளே என்ன இருக்கிறது என்பதை எழுத்துத் தெரியாதவனுக்கும் சொல்லிவிடும் வாசல். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால் அதில் ஒரு கல்லை யாரும் அசைக்க முடியாது. 2010-இல் திருத்திய சட்டப்படி, சுற்றி நூறு மீட்டருக்குள் புதுக் கட்டடமே எழுப்பக் கூடாது.

நம் தெரு வீட்டுக்கு அந்தக் காவல் இல்லை. தெருவே அதற்கு எதிரி. ஒவ்வொரு முறையும் பழைய தாரைச் சுரண்டாமல் மேலே புதுத் தார் ஊற்றி ஊற்றி, மூன்று படி ஏறிப் போன வீடுகளுக்கு இப்போது ஒரு படி இறங்கிப் போகிறோம். மழை நீர் முதலில் நிலைக்காலின் அடியைத்தான் தின்னும். பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டே புதிதாகப் போட வேண்டும், உயரம் கூடக் கூடாது என்று 2021-இல் தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். பழைய வாசல்களுக்கு அதைவிடப் பெரிய உதவி யாரும் செய்ததில்லை. அதை நடக்க வைப்பது நம் பொறுப்பு.

மூன்று வருடம் முன்பு ஒரு வீட்டில் கூப்பிட்டார்கள். ஆயாவுக்குச் சக்கர நாற்காலி வந்துவிட்டது. திண்ணையை இடித்துச் சரிவு போட வேண்டும் என்றார் மகன். உள்ளேயிருந்து ஆயா குரல் கொடுத்தார்: “இந்த நில உங்கப்பன் வெச்சதுப்பா. நீயே வந்து ஒடைக்கப் போறியா?”

கடப்பாரையை வண்டியிலேயே விட்டுவிட்டு அளந்து பார்த்தேன். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளச் சரிவு வேண்டும் என்பது கணக்கு. நேராக இறக்கினால் தெருவுக்கு நடுவில் போய் நிற்கும். திண்ணையை ஒட்டிப் பக்கவாட்டில் ஓட்டினேன்: இரும்புச் சட்டம், மேலே மரப்பலகை, சுவரில் ஓர் ஆணிகூட இல்லாமல் தரையில் நிற்கும்படி. கதவு இரட்டைக் கதவு. ஒரு பக்கம் மட்டும் திறந்தால் நாற்காலி நுழையாது, இரண்டையும் திறந்தால் தாராளம். உயர்ந்த வாசற்படிக்கு இருபக்கமும் தூக்கி வைக்கிற மரச் சாய்வுகள் இரண்டு. திருடனுக்குப் பயந்து கேட்ட கிரில்லை நிலையில் அறையாமல், திண்ணைத் தூண்களுக்கு இடையில், பழைய கதவு முழுதும் தெரிகிற மாதிரி மடக்குக் கிரில்லாகப் போட்டேன். அரித்துப்போன நிலைக்காலின் அடியை மட்டும் வெட்டி வேங்கை மரம் ஒட்டுப்போட்டார் ஓர் ஆசாரி. சுவருக்குச் சிமெண்ட் பூச விடவில்லை. சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேறாமல் உள்ளேயே உப்பரிக்கும். பழவேற்காட்டுக் கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்கி வந்தோம்.

ஷட்டரைவிடச் செலவு கொஞ்சம் கூடத்தான். ஆனால் நாளைக்குத் தேவையில்லை என்றால் நான் போட்ட எல்லாவற்றையும் ஒரு மணி நேரத்தில் கழற்றிவிடலாம். அப்பா வைத்தது அப்படியே இருக்கும். பழைய வாசலில் புது வேலை செய்ய எனக்குத் தெரிந்த ஒரே முறை இதுதான்.

திருவள்ளூரில், ஊத்துக்கோட்டையில், ஆரம்பாக்கத்தில் இன்னும் இப்படி வீடுகள் இருக்கின்றன. உங்களுடையது அவற்றில் ஒன்றானால், என்னைப் போன்ற வெல்டரைக் கூப்பிடுவதற்கு முந்தின நாள் ஒரு தச்சரைக் கூப்பிட்டு நிலையைக் காட்டுங்கள்.