திரைப் பிரிதிறனும் குறைபார்வையும்: மடிக்கணினி வரலாற்றை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

மடிக்கணினித் திரைகளின் பிரிதிறன் 2000க்குப் பின் பெரிதும் உயர்ந்துள்ளது. பார்வைத்திறன் குறைந்தோர்க்கு இவ்வளர்ச்சி பயன்பட்டதா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கண்ணின் அளவுகோல்

டச்சுக் கண் மருத்துவர் ஹெர்மன் ஸ்னெல்லன் 1862இல் வெளியிட்ட எழுத்து அட்டை, ஒரு பாகையின் 60இல் ஒரு பங்கான இடைவெளியைப் பிரித்தறிவதை இயல்பான பார்வையின் அளவாகக் கொண்டது. 50 செ.மீ. தொலைவில் இவ்விடைவெளி ஏறத்தாழ 0.145 மி.மீ. ஆகும். 6/18 பார்வை உடையவர்க்கு இதன் மும்மடங்கு, அதாவது 0.44 மி.மீ. தேவை. அங்குலத்திற்கு 96 படப்புள்ளிகள் கொண்ட பழைய திரையில் ஒரு புள்ளியின் அளவு 0.26 மி.மீ. மட்டுமே. எனவே அத்தொலைவில் அதனினும் நுண்ணிய திரையால் அவர்க்குப் பெரும்பயன் இல்லை.

சிறுத்த எழுத்துகள்

2000களின் இடைப்பகுதியில் 15.4 அங்குலத் திரையில் 1920×1200 புள்ளிகள் கொண்ட மடிக்கணினிகள் விற்பனைக்கு வந்தன. அக்கால மென்பொருள்கள் பல, எழுத்தின் அளவைப் புள்ளிக் கணக்கிலேயே வரையறுத்தன. அதனால் பழைய திரையில் 2.6 மி.மீ. உயரமிருந்த 10 புள்ளி எழுத்து, இத்திரையில் 1.7 மி.மீ. ஆகக் குறுகியது. பிரிதிறனைக் குறைத்து அமைத்தால் எழுத்து பெரிதாயிற்று, ஆயின் மங்கலாயிற்று. நுண்மையின் சுமை பார்வை குறைந்தோர் மீதே விழுந்தது.

அளவும் நுண்மையும் பிரிதல்

2007இல் வெளிவந்த விண்டோஸ் விஸ்டா, உருப்பெருக்கத்திற்கு இசையாத மென்பொருள்களின் காட்சியை அப்படியே நீட்டிக் காட்டியது. எழுத்து பெரிதாயினும் தெளிவு குன்றியது. 2012 ஜூனில் ஆப்பிள் வெளியிட்ட 15.4 அங்குல ரெட்டினா மடிக்கணினி 2880×1800 புள்ளிகளைக் கொண்டிருந்தும், இயல்நிலையில் 1440×900 திரைக்குரிய அளவிலேயே எழுத்துகளைக் காட்டியது. ஒரு புள்ளியின் இடத்தை நான்கு புள்ளிகள் நிரப்பின. எழுத்தின் அளவு குறையாமல் விளிம்பு தெளிவுற்றது. மேலும் பெரிய எழுத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதியும் இருந்தது. திரையை 17 செ.மீ. அளவுக்கு அணுகிப் படிக்கும் 6/18 பார்வையினர்க்கு, பழைய திரையின் புள்ளிகள் தனித்தனியே தெரியக்கூடும். நுண்ணிய திரையில் அவ்விடர் இல்லை.

முடிவுரை

உயர் பிரிதிறன் தன்னளவில் எழுத்தைப் பெரிதாக்குவதில்லை. பெரிதாக்கிய எழுத்தையும், அணுகிப் பார்க்கும் எழுத்தையும் சிதையாமல் காக்கிறது. மென்பொருள் எழுத்தளவைப் புள்ளிக் கணக்கிலிருந்து விடுவித்த பின்னரே அது பயனாயிற்று. ஆதலின் குறைபார்வையுடையோர்க்குக் கணினி தேர்வோர் திரையின் பரப்பு, எழுத்தளவை மாற்றும் வசதி, நிறவேறுபாடு ஆகியவற்றை முதலிலும், புள்ளிகளின் எண்ணிக்கையை அடுத்தும் நோக்குதல் தகும்.