எதை வடிகட்டுவது?

சித்தன்னவாசல் அறிவர் கோயிலின் கூரையில் ஒரு தாமரைக் குளம் இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டு ஓவியம். மீன், எருமை, யானை, பறவை, பூப் பறிக்கும் மனிதர்கள் என்று குளம் நிறைய உயிர்கள். அதே குன்றின் மேலே ஏழடிப்பட்டத்தில் சமணத் துறவிகள் படுத்த கற்படுக்கைகள் உண்டு. அவை ஓவியத்தைவிடப் பல நூற்றாண்டுகள் மூத்தவை. சமண நெறியில் தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் பருக வேண்டும். துணியில் தங்கும் நுண்ணுயிர்களை உதறிக் கொன்றுவிடக் கூடாது. எடுத்த நீர்நிலையிலேயே திரும்ப விட்டுவிட வேண்டும்.

யோசித்துப் பாருங்கள். இன்றைக்கு நம் வீட்டுச் சுவரில் தொங்கும் மிஷின் நீரில் இருக்கும் உயிர்களிடமிருந்து நம்மைக் காப்பாற்றுகிறது. சமணரின் துணி நம்மிடமிருந்து அந்த உயிர்களைக் காப்பாற்றியது. செய்கிற வேலை ஒன்றுதான், நோக்கம் நேர் எதிர். வடிகட்டியின் வரலாறு முழுக்க இந்தக் கேள்விதான் ஓடுகிறது: எதை வடிகட்ட? "வாட்டர் ஃபில்டர் வாங்கலாமா, வேணாமா?" என்று கேட்கிற யாரும் விலையைக் கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்.

*

புதுக்கோட்டையில் வற்றாத ஆறு கிடையாது. வெள்ளாறு, அக்கினியாறு, அம்புலியாறு, பாம்பாறு எல்லாம் மழை பெய்தால் ஓடும், இல்லையென்றால் மணல்தான். அதனால் இந்த மண்ணின் வரலாறு குளத்தின் வரலாறு. பாசனத்துக்குக் கண்மாய், குளிக்கக் குளம், குடிக்க ஊருணி என்று தனித்தனியாகப் பிரித்து வைத்தார்கள். ஊர் உண்ணும் நீர் என்பதால் ஊருணி. அறிவுள்ளவனின் செல்வத்துக்கு உவமை தேடிய வள்ளுவர் எடுத்துக்கொண்டதும் அதைத்தான்.

ஊருணிக்குக் கட்டுப்பாடு உண்டு. கால் நனைக்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது, மாடு இறங்கக் கூடாது. குடத்தை முக்கி மொண்டுகொண்டு போக வேண்டியதுதான். அழுக்கு சேர்ந்த பிறகு பிரிப்பதைவிட, சேராமல் பார்த்துக்கொள்வது என்பதே அந்த ஏற்பாடு. 1878இல் திவானாக வந்த சேஷய்யா சாஸ்திரி புதுக்கோட்டை நகரத்துக் குளங்களைச் சீரமைத்தார். புதுக்குளமும் பல்லவன் குளமும் அவற்றில் உண்டு. அவர் செய்ததும் அதே வேலைதான். நீரைச் சுத்தம் செய்ய வேண்டுமானால் முதலில் நீர்நிலையைச் சுத்தம் செய்.

ஆனால் இதைச் சொல்லிவிட்டு 'அந்தக் காலம் பொற்காலம்' என்று பெருமூச்சு விட முடியாது. ஊருணியில் கால் நனைக்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டுக்குப் பக்கத்திலேயே இன்னொரு கட்டுப்பாடும் இருந்தது. யார் மொள்ளலாம், யார் ஓரமாக நின்று யாராவது ஊற்றுவார்களா என்று காத்திருக்க வேண்டும் என்பது. தீட்டும் ஒரு வடிகட்டிதான். அது மனிதர்களை வடிகட்டியது.

*

மழைக்காலத்தில் செம்மண் கரைந்து குளத்து நீர் டீ மாதிரி இருக்கும். அதற்கு வீட்டுக்கு வீடு இருந்த கருவி தேற்றாங்கொட்டை. குடத்தின் உட்புறத்தில் நீர் விட்டு அந்தக் கொட்டையை உரசி, நீரை ஊற்றி வைத்துவிட்டால் சில மணி நேரத்தில் மண் அடியில் இறங்கிவிடும். கொட்டையிலிருந்து கரையும் பொருள்கள் களிமண் துகள்களை ஒன்றோடொன்று ஒட்ட வைக்கின்றன. கனம் கூடுவதால் அவை கீழே படிகின்றன. கலங்கிய மனம் தெளிவதற்கு இதை உவமையாகக் கலித்தொகை சொல்கிறது. 'தேற்றுதல்' என்ற சொல்லே அந்த மரத்துக்குப் பெயராகிவிட்டது. இன்றைக்குப் பெரிய சுத்திகரிப்பு நிலையங்களில் படிகாரம் போட்டுச் செய்வதும் இதே வேலைதான்.

இங்கேதான் நமக்கு ஒரு பழக்கம் படிந்தது. தெளிந்த நீர் நல்ல நீர். கண்ணுக்குத் தெரியும் எதிரி மண். அது போய்விட்டால் கவலையில்லை.

அந்த நம்பிக்கையை உடைத்தவை இரண்டு. ஒன்று நரம்புச் சிலந்தி. படிக்கட்டு வைத்த குளங்களிலும் கிணறுகளிலும் நோயாளி கால் வைத்து இறங்கும்போது புழு தன் குஞ்சுகளை நீரில் விடும். அவற்றை ஒரு சின்ன நீர்ப்பூச்சி விழுங்கும். அந்தப் பூச்சியோடு நீரைக் குடித்தவரின் உடம்பில் ஏறக்குறைய ஒரு வருடம் வளர்ந்து, காலைத் துளைத்துக்கொண்டு நீளமான புழு வெளியே வரும். மருந்தும் கிடையாது, தடுப்பூசியும் கிடையாது. இந்தியா அதை ஒழித்தது நெருக்கமாக நெய்த துணியில் நீரை வடிகட்டியும், படிக்கிணறுகளை மாற்றியும்தான். கடைசி நோயாளி 1996இல் ராஜஸ்தானில். 2000இல் நாடு நோய் நீங்கியதாக அறிவிக்கப்பட்டது. பத்துப் பைசா செலவில்லாத வடிகட்டி ஒரு நோயையே ஊரைவிட்டு ஓட்டியது. எதிரியின் அளவு தெரிந்திருந்தது, துணியின் கண் அதைவிடச் சிறியதாக இருந்தது. அவ்வளவுதான் சூட்சுமம்.

இரண்டாவது காலரா. அந்தக் கிருமி துணியின் கண்ணுக்குள் தாராளமாக நுழைந்து போகும். கல்கத்தாவுக்கு வந்திருந்த ராபர்ட் காக், 1884இல் காலரா பரவியிருந்த ஒரு குளத்து நீரிலேயே கிருமியைக் கண்டார். அதே ஆண்டில் பாரிஸில் பாஸ்டரின் கூட்டாளி ஷாம்பர்லான் சுட்ட பீங்கானில் கிருமி புகாத வடிகட்டியைச் செய்தார். 1892இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் காலராவில் 8,000 பேருக்கு மேல் செத்தார்கள். ஒட்டியிருந்த ஆல்டோனா ஊரும் அதே எல்பா ஆற்று நீரைத்தான் குடித்தது. ஆனால் அங்கே மணல் படுகையில் வடிகட்டி விநியோகித்தார்கள். நோய் கிட்டத்தட்ட ஊர் எல்லையில் நின்றது. நம் பாட்டி வீட்டு அலமாரியில் இருந்த எவர்சில்வர் 'கேண்டில் ஃபில்டர்' அந்தக் காலத்துப் பீங்கான் வடிகட்டிகளின் வாரிசு. ஆனால் ஹாம்பர்க் சொன்ன பாடம் வேறு: ஆல்டோனாவைக் காப்பாற்றியது வீட்டு வடிகட்டி இல்லை, ஊர் வடிகட்டி.

*

பிறகு ஆழ்துளைக் கிணறு வந்தது. பாறையைத் துளைக்கும் எந்திரங்கள் பரவின. 1970களின் கடைசியில் சென்னையில் தயாரான 'இந்தியா மார்க் 2' அடிபம்பு ஊர் ஊராக நின்றது. காலராவுக்கும் நரம்புச் சிலந்திக்கும் அது பெரிய அடி. பூமிக்கடியில் நூறு அடிக்குக் கீழே யாரும் கால் கழுவ முடியாது. நீரோ கண்ணாடி மாதிரி வந்தது.

அந்தத் தெளிவுக்குள்தான் அடுத்த எதிரி ஒளிந்திருந்தான். பாறையில் ஊறிய நீர் பாறையைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டு வரும். 1937இல் ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி ஆகிய மூவரும் அன்றைய மதராஸ் மாகாணத்து நெல்லூர் கிராமங்களில் முதுகு வளைந்து மூட்டு இறுகிப்போனவர்களைப் பற்றி எழுதினார்கள். காரணம், கிணற்று நீரில் ஃபுளோரைடு. நம் தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் இந்தத் துயரத்தை நன்றாக அறியும். ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். ஃபுளோரைடுக்கு நிறமில்லை, மணமில்லை. துணி, கேண்டில், புறஊதா விளக்கு எதுவும் அதைப் பிடிக்காது. கொதிக்க வைத்தால் நீர் ஆவியாகி அது இன்னும் அடர்த்தியாகும். உரத்திலிருந்தும் கழிவுத் தொட்டியிலிருந்தும் இறங்கும் நைட்ரேட்டும் அப்படியே.

இதைப் பிடிப்பது 'ஆர்.ஓ.' சவ்வு. அமெரிக்காவில் சிட்னி லோப் என்பவரோடு சேர்ந்து 1950களின் கடைசியில் அதைச் சாத்தியமாக்கியவர் இந்தியரான சீனிவாச சௌரிராஜன். கடல் நீரைக் குடிநீராக்கத் தேடிய வழி அது. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், மீமிசல் பக்கம் உப்புத்தண்ணியோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு அது வரம். ஆனால் கடலுக்குச் செய்த கருவியைக் காவிரித் தண்ணிக்கு மாட்டினால்?

*

மாட்டத்தான் செய்கிறோம். எப்படி விற்கிறார்கள் என்று பார்த்திருப்பீர்கள். வீட்டுக்கு வருகிறவர் இரண்டு டம்ளர் கேட்பார். ஒன்றில் நம் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவர் கொண்டுவந்தது. மின்கம்பிகள் வைத்த ஒரு கருவியை இரண்டிலும் விடுவார். நம் தண்ணீர் பழுப்பாகி, நுரைத்து, சாக்கடையாகிவிடும்.

"பாத்தீங்களா அக்கா, இதத்தான் பிள்ளைங்க குடிக்குது."

அந்தப் பழுப்பு தண்ணீரில் இருந்த அழுக்கு இல்லை. கருவியின் இரும்புக் கம்பி கரைந்து துருவாகிறது. தாது உப்பு இருக்கும் நீரில் மின்சாரம் பாயும், அதனால் இரும்பு கரையும். உப்பு நீக்கிய நீரில் மின்சாரம் சரியாகப் பாயாது, அதனால் தெளிவாகவே இருக்கும். இளநீரில் வைத்தாலும் அந்தக் கம்பி கரையும்.

அடுத்தது டி.டி.எஸ். மீட்டர். அது அளப்பதும் மின்கடத்தலைத்தான். கரைந்த உப்பு மொத்தம் எவ்வளவு என்று ஒரு தோராயம் சொல்லும். அந்த உப்பு சுண்ணாம்பா, ஃபுளோரைடா என்று அதற்குத் தெரியாது. காலராக் கிருமி கோடிக்கணக்கில் இருந்தாலும் எண் மாறாது. இந்தியத் தர நிர்ணயப்படி (ஐ.எஸ். 10500) குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி. ஃபுளோரைடு 1 மில்லிகிராம், வேறு வழியில்லாவிட்டால் 1.5. நைட்ரேட் 45. 500க்குக் கீழே இருக்கும் நீருக்கு ஆர்.ஓ. வேண்டாம் என்று 2019இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமே சொன்னது.

பணக் கணக்கையும் போட்டுவிடுவோம். குடிக்க மட்டும் ஒரு வீட்டுக்கு நாளைக்கு 10 லிட்டர். மிஷின் 14,000 ரூபாய், ஏழு வருடம் உழைக்கும், வருட சர்வீஸ் 5,000 என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 7,000. லிட்டருக்கு ஏறக்குறைய இரண்டு ரூபாய். 20 லிட்டர் கேன் 30 ரூபாய் என்றால் லிட்டர் ஒன்றரை ரூபாய். பத்து லிட்டரையும் கேஸில் கொதிக்க வைத்தால் வருடத்துக்கு மூன்று சிலிண்டருக்குக் கொஞ்சம் மேலே. கேண்டில் ஃபில்டருக்கு வாங்கின காசும், அவ்வப்போது மாற்றும் கேண்டிலும்தான். இதில் சேராத கணக்கு ஒன்று உண்டு. ஆர்.ஓ. ஒரு லிட்டர் கொடுக்க மூன்று லிட்டரை வெளியே தள்ளினால், வருடத்துக்குப் பதினோராயிரம் லிட்டர். ஏறக்குறைய ஒரு லாரித் தண்ணி. வெள்ளாறு வறண்டு கிடக்கும் ஊரில் அதைக் குறைந்தபட்சம் பாத்திரம் கழுவவாவது பிடித்து வைக்க வேண்டும்.

ஆகவே என் தீர்ப்பு இது. காவிரி கூட்டுக்குடிநீர் வரும் வீட்டில் ஆர்.ஓ. பெரும்பாலும் வீண். கொதிக்க வைப்பதோ கேண்டிலோ புறஊதா விளக்கோ போதும். தொட்டியைக் கழுவுவது அதைவிட முக்கியம். அன்னவாசல், இலுப்பூர், விராலிமலைப் பக்கத்துப் பாறை போரோ, கடற்கரைப் போரோ என்றால் வாங்குவதற்கு முன் ஒரு பாட்டில் நீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோங்கள். ஃபுளோரைடோ நைட்ரேட்டோ எல்லை தாண்டினால், உப்பு குடிக்க முடியாத அளவில் இருந்தால், ஆர்.ஓ. வாங்குங்கள். அப்போது அது செலவு இல்லை, மருந்து. சோதிக்காமல் வாங்குவது நோய் தெரியாமல் மாத்திரை போடுவது.

*

இங்கேயே முடித்துவிடலாம். ஆனால் புதுக்கோட்டையைப் பற்றித் தண்ணீரை வைத்து எழுதிவிட்டு வேங்கைவயலைச் சொல்லாமல் முடிக்க முடியாது.

2022 டிசம்பர் கடைசி வாரம். பட்டியல் சாதி மக்கள் குடிக்கும் 10,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டியில் மனித மலம் கிடந்தது. குழந்தைகளுக்கு உடம்பு முடியாமல் போன பிறகுதான் தொட்டிக்குள் ஏறிப் பார்த்தார்கள். விசாரிக்கப் போன அதிகாரிகள் முன்னால் கோயில் நுழைவு மறுப்பும் டீக்கடையில் தனி டம்ளரும் வெளியே வந்தன. 2025 ஜனவரியில் சிபிசிஐடி அதே குடியிருப்பைச் சேர்ந்த மூவர் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. ஊர் மக்களும் பல கட்சிகளும் அதை ஏற்கவில்லை.

அந்த வீடுகளில் மிஷின் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நல்ல மிஷின் என்றால் கிருமி செத்திருக்கும். மீட்டரில் எண் சரியாகக் காட்டியிருக்கும். யாரும் தொட்டிக்குள் ஏறிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இதுதான் எனக்கு உறுத்துகிறது. ஆல்டோனாவில் ஊருக்கே பொதுவாக ஒரு வடிகட்டி இருந்தது. நாமோ வசதிக்குத் தக்கபடி ஒவ்வொருவராக ஊர்த் தொட்டியிலிருந்து விலகுகிறோம். மிஷின் வாங்கியவர் கிராம சபையில் "தொட்டி கழுவி எத்தனை மாசம் ஆச்சு? குளோரின் போட்டீங்களா?" என்று கேட்பதை நிறுத்திவிடுகிறார். கேட்கத் தெரிந்தவர்கள் எல்லாம் விலகியபின் அந்தத் தொட்டியில் மிஞ்சுவது மிஷின் வாங்க முடியாதவர்கள்.

வாங்க வேண்டிய வீட்டில் வாங்குங்கள். ஆனால் அதே வாரத்தில் உங்கள் தெருவுக்கு வரும் தொட்டியின் ஏணியில் ஒருமுறை ஏறச் சொல்லுங்கள், மூடி இருக்கிறதா, பூட்டு இருக்கிறதா, கடைசியாக எப்போது கழுவியது என்று தொட்டி மேல் எழுதியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதற்குச் செலவு எதுவும் இல்லை. சர்வீஸ்காரர் வரமாட்டார், நாம்தான் போக வேண்டும்.