பெட்டிக்குள் அடங்காத நாடகங்கள்

‘மெட்டி ஒலி’ தொடரை முதல் பகுதி முதல் கடைசிப் பகுதி வரை ஒரே பெட்டியில் வாங்கி வீட்டில் வைக்க முடியுமா? சற்றே கணக்குப் போட்டுப் பாருங்கள். 2002ல் தொடங்கி 2005ல் முடிந்த அந்தத் தொடர் 800 பகுதிகளைத் தாண்டியது. விளம்பரம் போக ஒரு பகுதிக்கு 20 நிமிடம் என்று வைத்தாலும் 16,000 நிமிடங்கள். ஒரு விசிடி வட்டில் அடங்குவது 74 நிமிடம். ஆக, 200க்கும் மேற்பட்ட வட்டுகள்! டிவிடி என்றாலும் பல பத்து வட்டுகள் வேண்டும். 2003லிருந்து 2009 வரை 1,500 பகுதிகளுக்கு மேல் ஓடிய ‘கோலங்கள்’ தொடருக்குத் தனி அலமாரியே செய்ய வேண்டும்.

கிளமெண்டி போன்ற ஒரு பேட்டையில், ஒரே மாடியில் வசிக்கும் சீனக் குடும்பத்துக்கு இந்தக் கவலை இருந்ததில்லை. ஹாங்காங் நாடகங்கள் பெரும்பாலும் 20லிருந்து 40 பகுதிகளுக்குள் கதையை முடித்துவிடும். 2008ல் இங்கே ஒளியேறிய ‘தி லிட்டில் நோன்யா’ 34 பகுதிதான். அழகான ஒரு பெட்டியில் அடங்கிவிட்டது. தமிழ் வீட்டு அலமாரியிலோ சினிமாப் பட வட்டுகள் வரிசையாக இருக்கும். முழுத் தொடர் என்று சொல்ல 94 பகுதி ‘மகாபாரதம்’ இருந்தால் உண்டு.

தமிழருக்குச் சேகரிக்கும் ஆர்வம் இல்லை என்று இதற்குப் பொருளா? இல்லை. தினமும் வரும் நெடுந்தொடர், முடிவதற்காக எழுதப்பட்டதன்று. விளம்பரம் வரும்வரை அது ஓடியாக வேண்டும். கே. பாலசந்தரின் ‘ரயில் சினேகம்’, அவருடைய நிறுவனம் தயாரித்த ‘மர்மதேசம்’ போன்ற 1990களின் தொடர்கள் அப்படி இழுக்கவில்லை. அவற்றுக்கு ஆரம்பமும் முடிவும் இருந்தன. அதனால்தான் பல ஆண்டுகள் கழித்து ‘மர்மதேசம்’ யூடியூப்பில் ஏறியபோது ஒரு புதிய தலைமுறை அதை முழுதாகப் பார்க்க முடிந்தது.

நீளம் மட்டுமே தடையா என்றால், அதுவும் இல்லை. அமெரிக்காவின் ‘ஐ லவ் லூசி’ 1951ல் தொடங்கியது. அதைச் சினிமாப் படச்சுருளில் எடுத்தார்கள். படச்சுருள் நின்றது, தொடரும் நின்றது. பிரிட்டனில் பிபிசி வேறு வழியில் போனது. வீடியோ நாடா அப்போது விலை உயர்ந்த பொருள். ஒளிபரப்பிய நாடாவை அழித்து, அதே நாடாவில் அடுத்த நிகழ்ச்சியைப் பதிந்தார்கள். நடிகர் சங்கத்தோடு செய்த ஒப்பந்தம் மறு ஒளிபரப்புக்கும் எல்லை வகுத்திருந்தது. வைத்திருந்து என்ன பயன் என்று நினைத்திருப்பார்கள். ‘டாக்டர் ஹூ’ தொடரின் 1960களின் பகுதிகள் நூற்றுக்கும் மேல் இப்படிப் போயின. ஆனால் வெளிநாடுகளுக்கு விற்ற 16 மில்லிமீட்டர் பிரதிகள் சில பிழைத்துக் கிடந்தன. தொலைந்ததாக நினைத்த ஒரு கதையின் நான்கு பகுதிகள் ஹாங்காங்கிலிருந்து 1992ல் திரும்பின. நைஜீரியாவில் கிடைத்த ஒன்பது பகுதிகள் 2013ல் அறிவிக்கப்பட்டன. இதைவிட வியப்பு ஒன்று உண்டு. படம் தொலைந்த எல்லாப் பகுதிகளுக்கும் ஒலி மட்டும் இருக்கிறது. காரணம், ரசிகர்கள் சிலர் வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துப் பதிந்திருந்தார்கள். நிலையம் செய்யத் தவறியதை வரவேற்பறை செய்தது.

சிங்கப்பூருக்கு வருவோம். 1963 பிப்ரவரி 15ஆம் தேதி விக்டோரியா நினைவு மண்டபத்தில் கலாசார அமைச்சர் எஸ். ராஜரத்னம் தொலைக்காட்சிச் சேவையைத் தொடங்கிவைத்தார். நான்கு மொழிகளில் தமிழும் ஒன்று. அந்தத் தமிழுக்கு நிலையான முகவரி வாய்க்கத்தான் நாளாயிற்று. நெடுங்காலம் சீன நிகழ்ச்சிகளோடு ஒளிவழி 8ல் இருந்தது. 1995ல் பிரைம் 12க்குப் போனது. 2000ல் வசந்தம் சென்ட்ரல் ஆனது. 2008 அக்டோபரில்தான் வசந்தம் முழு ஒளிவழியாயிற்று. பழைய உள்ளூர் நாடகம் ஒன்றைத் தேடுகிறவர் இத்தனை பெயர்களின் கீழும் தேட வேண்டும்.

இங்கேதான் மனம் உறுத்துகிறது. வாரம் ஒருமுறை வந்த பழைய உள்ளூர்த் தொடர்கள் சென்னைத் தொடர்களைப் போல நீண்டவை அல்ல. நம் புளோக், நம் மின்தூக்கி, நம் பேச்சு, தேக்காவில் நேரில் பார்த்துக் கைகுலுக்கக்கூடிய நடிகர்கள். பெட்டியில் அடங்குவதற்கு மிகப் பொருத்தமானவை இவைதான். ஆனால் மேண்டரின் நாடகங்களுக்கு அமைந்த அளவுக்கு விற்பனைத் தொகுப்புகள் இவற்றுக்கு அமையவில்லை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 2.5 விழுக்காட்டினர். இந்தச் சந்தையை நம்பி எந்த வியாபாரி பெட்டி அச்சடிப்பார்? பி. கிருஷ்ணனின் ‘அடுக்குவீட்டு அண்ணாசாமி’ வானொலி நாடகம் நூலாக வந்தது நம் அதிர்ஷ்டம். எழுத்தாவது மிஞ்சியது.

தேசிய ஆவணக் காப்பகத்தில் பழைய ஒலி, ஒளிப் பதிவுகள் இருக்கின்றன. பட்டியலை இணையத்தில் தேடலாம். மீடியாகார்ப் கால்டிகாட் குன்றை விட்டு ஒன் நார்த்துக்கு வந்தபிறகு, கிளமெண்டிக்காரர்களுக்கு நிலையமே பக்கத்தில்தான். ரயிலில் இரண்டாவது நிறுத்தமான புவன விஸ்தாவில் இறங்கினால் நடந்துவிடலாம். ஆனாலும் வீட்டு நாடாக்களை யாரும் அற்பமாக நினைக்க வேண்டாம். 1980களிலும் 1990களிலும் விஎச்எஸ் கருவி வைத்திருந்த குடும்பங்கள் பிள்ளை நடித்தது, அண்டை வீட்டுக்காரர் நடித்தது என்று பதிந்து வைத்தன. இடையில் வரும் விளம்பரத்தையும் செய்தித் துணுக்கையும் வெட்டாமல் விட்டவர்கள் தெரியாமலேயே பெரிய உதவி செய்தார்கள். ஒளிபரப்பான காலத்தை அவை காட்டிக்கொடுக்கும். இறுதியில் ஓடும் பெயர்ப் பட்டியலுக்கு முன்னால் நிறுத்தியவர்களைத்தான் மன்னிப்பது கடினம்.

நம் ஊரின் ஈரக்காற்றில் நாடாவில் வெள்ளைப் பூசணம் பிடிக்கும். பிடித்த நாடாவைக் கருவியில் போட்டால் நாடாவும் கெடும், கருவியும் கெடும். கருவியோ இனிக் கடையில் புதிதாகக் கிடைக்காது. கடைசிவரை தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் அதை நிறுத்திவிட்டது. பரணில் நாடா இருப்பவர்கள் முதலில் செய்ய வேண்டியது, மேலே ஒட்டியிருக்கும் தாளில் நாடகத்தின் பெயர், ஆண்டு, நடித்தவர்கள் யார் என்பதைத் தெரிந்த பெரியவர் ஒருவரைக் கேட்டு எழுதிவைப்பது. மின்னிலக்கத்துக்கு மாற்றித்தரும் கடையைத் தேடுவது அதற்கு அடுத்த வேலை.