மன்னார்க் கரையில் பிள்ளைப்பேற்றுக் காய்ச்சல்

பிள்ளை பெற்ற பத்து நாளுக்குள் கடுங்காய்ச்சல், அடிவயிற்று நோவு, நாற்றமெடுக்கும் கசிவு, முற்றினால் பிதற்றல். இந்த வரிசையைப் பழைய வைத்தியர்கள் அறிந்திருந்தார்கள்; பிதற்றல் தொடங்கினால் சன்னி என்றார்கள். யாழ்ப்பாண அரசர் காலத்து நூலாகிய பரராசசேகரத்தில் கர்ப்ப நோய்களுக்கென்றே ஒரு பகுதி உண்டு. வடபகுதி ஊர்களில் பலர் பழியை, பிள்ளை பெற்றவளைப் பிடிக்கும் என்று நம்பிய கொத்திப் பேயின் மேல் போட்டார்கள்.

மன்னார் தீவிலும் எதிர்க்கரையிலும் பிரசவம் நெடுங்காலம் வீட்டிலேயே, மருத்துவிச்சியின் கையில் நடந்தது. இந்துக்களிடம் முப்பத்தொரு நாள் துடக்கு, முஸ்லிம்களிடம் நாற்பது நாள். இலை அவித்த வெந்நீர்க் குளிப்பும் காயச் சரக்கும் தாய்க்கு உடல் தேற்றின. கருப்பைக்குள் புகுந்த கிருமியை அவை தொடவில்லை. பிரசவ வார்டு இல்லாத ஊரில், ஒரே வார்டில் படுத்த தாய்மாரிடையே பரவும் கொள்ளைநோய் வராது என்பது வீட்டுப் பிரசவத்துக்கு இருந்த ஓர் அனுகூலம். ஆனால் நோயாளி வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும் கை அந்த அனுகூலத்தைக் கெடுத்துவிடும். அபர்டீன் நகர மருத்துவர் அலெக்சாண்டர் கோர்டன் 1795இலேயே இதை எழுதிவைத்தார். சக வைத்தியர்கள் அவரை வெறுத்ததுதான் மிச்சம்.

வியன்னாவில் மருத்துவர் செம்மல்வைஸ் 1847இல் மருத்துவர்களைக் குளோரின் நீரில் கை கழுவ வைத்தார். அதே ஆண்டில்தான் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் யாழ்ப்பாணம் வந்தார். அவர் பிள்ளைப்பேற்று மருத்துவ நூலொன்றை 1857இல் தமிழாக்கி வெளியிட்டார். கிருமி பற்றி அதில் எதிர்பார்க்க முடியாது. சங்கிலிபோல் கோத்து நிற்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸை இந்தக் காய்ச்சலோடு பாஸ்டர் சேர்த்துக் காட்டியது 1879இல். கொழும்பில் டி சொய்சா பிரசவ இல்லம் திறந்ததும் அதே ஆண்டு.

மருந்து வர மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று. லண்டனில் குயீன் சார்லட் மருத்துவமனையில் மருத்துவர் கோல்புரூக் 1936இல் புரொண்டோசில் என்ற சல்ஃபா மருந்தைக் கொடுத்தபோது சாவு சட்டென்று குறைந்தது. 1940களில் பென்சிலின் வந்தது. இலங்கையில் 1930களில் ஓர் இலட்சம் பிறப்புக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். 1950இல் அது 600க்குக் கீழே இறங்கியது. இதைப் பென்சிலினின் வெற்றி என்று மட்டும் சொல்வது சரியல்ல. மலேரியா ஒழிப்பு, பரவிய ஆஸ்பத்திரிகள், 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை, அதன் வழியே வீடு தேடிப் போன பயிற்சி பெற்ற மருத்துவிச்சிகள் என எல்லாம் சேர்ந்த விளைவு அது. மலேரியா வாட்டிய வறண்ட மன்னாரில் இரத்தசோகையோடு பிள்ளை பெற்றவளுக்குச் சிறு தொற்றையும் தாங்கும் சக்தி இருந்திராது.

உள்நாட்டுப் போர்க்காலம் தூரத்தை மறுபடி நோயாக்கியது. தீவை நிலத்தோடு இணைத்த பாலம் 1990இல் தகர்க்கப்பட்டது. புதிய பாலம் 2010இல்தான் திறந்தது. வன்னிப் பக்கம் போகும் மருந்துகளுக்குக் கட்டுப்பாடு இருந்தது. மடுவிலும் பேசாலையிலும் இடம்பெயர்ந்தோருக்கென ஐ.நா. அகதிகள் நிறுவனம் நடத்திய முகாம்களில் ஆயிரக்கணக்கானோர் நெருங்கி வாழ்ந்தார்கள். காய்ச்சல் கண்ட தாய்க்கு ஊசி மருந்து ஒரு நாள் பிந்தினாலும் கிருமி இரத்தத்தில் பரவிவிடக்கூடும். சோதனைச் சாவடியில் கழிந்த மணிகளை இந்தக் கணக்கோடுதான் பார்க்க வேண்டும்.

இன்று ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில். கருப்பை உட்சவ்வு அழற்சிக்கு உலக சுகாதார நிறுவனம் 2015இல் பரிந்துரைத்தது கிளிண்டாமைசினும் ஜென்டாமைசினும் சேர்ந்த ஊசி மருந்து. ஒற்றைக் கிருமியின் வேலையாக இது பெரும்பாலும் இருப்பதில்லை என்பதே இரண்டு மருந்துக்குக் காரணம்: ஈ. கோலை போன்றவற்றை ஜென்டாமைசின் அடிக்கும். காற்றில்லாமல் வாழும் கிருமிகளையும் ஸ்ட்ரெப்டோகாக்கஸின் நஞ்சையும் கிளிண்டாமைசின் அடக்கும். குழு ஏ ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இன்றும் பென்சிலினுக்கு அடங்குகிறது. தெற்காசியாவில் ஈ. கோலை அப்படியில்லை, பல மருந்துகளை எதிர்த்து நிற்கும் வகைகள் பெருகிவிட்டன. சிசேரியன் பெருகப் பெருகத் தொற்றுக்கு இன்னொரு வாசலும் திறந்தது. அறுவைக்கு முன் ஒரு தடவை தரும் ஆன்டிபயாட்டிக் ஊசி அதைப் பெரிதும் குறைக்கிறது.