உருளைக்கிழங்கின் இடத்தில் வந்த காய்கள்

மாவுச்சத்தைக் குறைக்க விரும்புவோர் உருளைக்கிழங்குக்குப் பதிலாக இன்று சமைக்கும் காய்களில் பல, ஐரோப்பாவில் உருளை பரவுவதற்கு முன்பே அங்கே அன்றாட உணவாக இருந்தவை. ரோமானியரான பிளினி டர்னிப்பைத் தானியத்துக்கும் அவரை வகைக்கும் அடுத்தபடியாக மதித்து எழுதினார். அவருக்குப் பின் 1,500 ஆண்டுகளுக்கும் மேலாக வட ஐரோப்பிய ஏழைகளைக் குளிர்காலத்தில் காப்பாற்றியவை டர்னிப், முட்டைக்கோசு, பார்ஸ்னிப் போன்றவைதான். முட்டைக்கோசு இனமும் டர்னிப்பும் கலந்து பிறந்த ருட்டபாகா என்ற மஞ்சள் சதைக் கிழங்கை ஸ்விஸ் தாவரவியலாளர் காஸ்பார் பௌஹின் 1620-ல் பதிவு செய்தார். நூக்கலும் காலிஃபிளவரும் இத்தாலி வழியாக வடக்கே பரவிய தோட்டக் காய்கள்.

ஆண்டீஸ் மலையில் டிட்டிகாகா ஏரியைச் சுற்றிய மேட்டுநிலத்தில் பல ஆயிரம் ஆண்டுகளாகப் பயிரான உருளைக்கிழங்கு, 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்பானியரின் கப்பல்களில் ஐரோப்பா வந்தது. மக்கள் அதை உடனே ஏற்கவில்லை. 1748-ல் பாரிஸ் உயர்நீதிமன்றம் அதைப் பயிரிடவே தடை விதித்தது. பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடரிக் 1756-ல் ஆணை போட்டுத்தான் தன் குடிகளை நட வைத்தார். பிரஷ்யச் சிறையில் உருளையைத் தின்று பிழைத்த பிரெஞ்சு மருந்தியலாளர் பார்மென்தியே ஊர் திரும்பி அதற்காக ஓயாமல் வாதாடினார். 1772-ல் பாரிஸ் மருத்துவப் புலம் அது உண்ணத் தகுந்தது என்று அறிவித்தது. அதன் பிறகு டர்னிப்பின் இடம் சரசரவென்று சுருங்கியது.

உருளையின் வெற்றிக்குக் காரணம் அதன் மாவுச்சத்து. 100 கிராம் உருளையில் மாவுச்சத்து சுமார் 17 கிராம். ஆற்றல் 77 கலோரி. அதே எடை ருட்டபாகாவில் 8.6 கிராம், செலரிக் கிழங்கில் 9 கிராம், டர்னிப்பிலும் நூக்கலிலும் 6 கிராமுக்குச் சற்று மேல், காலிஃபிளவரில் 5 கிராம். நாள் முழுக்க மண்வெட்டி பிடித்தவருக்கு இந்த வேறுபாடுதான் வயிறு நிறைவதற்கும் காய்வதற்கும் இடைப்பட்ட தூரம். சமையலிலும் உருளைக்கு நிகர் இல்லை. அதன் செல்களுக்குள் அடைந்திருக்கும் ஸ்டார்ச் மணிகள் 60 முதல் 70 டிகிரி வெப்பத்தில் தண்ணீரைக் குடித்துப் பருக்கின்றன. அதனால்தான் வெந்த உருளை மாவாக மசிகிறது, எண்ணெயில் இட்டால் வெளியே மொறுமொறுப்பும் உள்ளே மென்மையும் ஒருங்கே கிடைக்கின்றன. டர்னிப்பிலும் காலிஃபிளவரிலும் 92 சதவீதம் தண்ணீர். இந்தத் தண்ணீரை என்ன செய்வது என்பதே பின்னால் வந்த மாற்றுச் சமையல் அனைத்துக்கும் அடிப்படைக் கேள்வி.

உருளையை வேண்டுமென்றே விலக்கும் வழக்கம் நோயாளியின் அறையில் தொடங்கியது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ராணுவ மருத்துவர் ஜான் ரோலோ, 1797-ல் வெளியிட்ட நூலில், நீரிழிவு கண்ட ஒரு படை அதிகாரிக்குத் தானியத்தையும் காயையும் பெரும்பாலும் தவிர்த்து இறைச்சியும் கொழுப்பும் முதன்மையாகக் கொடுத்துச் சிறுநீரில் சர்க்கரையைக் குறைத்ததை விவரித்தார். அந்த உணவைத் தொடர்ந்து தின்னத் தாங்குபவர் அரிது. அதை வாழக்கூடிய உணவாக மாற்றியவர் பாரிஸின் அப்பொலினேர் பூஷார்தா. கோதுமை மாவிலிருந்து ஸ்டார்ச்சைக் கழுவி நீக்கிவிட்டு, எஞ்சிய புரதத்தில் ரொட்டி செய்யச் சொன்னார். தட்டில் பச்சைக் காய்களுக்கு மீண்டும் இடம் கொடுத்தார். கொழுப்பையும் தாராளமாக அனுமதித்தார். 1870-71-ல் பிரஷ்யப் படை பாரிஸை முற்றுகையிட்டு நகரமே பட்டினி கிடந்தபோது, தன் நோயாளிகளின் சிறுநீரில் சர்க்கரை குறைந்ததை அவர் கவனித்தார். விலக்கிய உணவுக்கு ஈடாக வேறொன்றைக் கொடுத்தால்தான் நோயாளி கட்டுப்பாட்டில் நிற்பார் என்று புரிந்துகொண்ட முதல் சில மருத்துவர்களில் அவரும் ஒருவர். மாற்றுச் சமையலின் வரலாற்றில் அவருக்கு இன்னும் பெரிய இடம் தர வேண்டும்.

நோயாளிகள் வட்டத்தைத் தாண்டி இந்த வழக்கத்தைப் பொதுமக்களிடம் கொண்டுசென்றவர் மருத்துவர் அல்லர். லண்டனின் வில்லியம் பான்டிங், அரச குடும்பத்தின் இறுதிச் சடங்குகளை நடத்திய தொழிலதிபர். காது மந்தமானதற்காக 1862-ல் வில்லியம் ஹார்வி என்ற காது மருத்துவரைப் பார்த்தார். கல்லீரலும் சர்க்கரையும் குறித்து பாரிஸில் குளோத் பெர்னார் ஆற்றிய சொற்பொழிவுகளைக் கேட்டிருந்த ஹார்வி, ரொட்டி, பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு ஆகியவற்றை விடச் சொன்னார். 92 கிலோ இருந்த பான்டிங் ஏறத்தாழ ஓராண்டில் 71 கிலோவுக்கு இறங்கினார். அந்த அனுபவத்தை 1863-ல் சிறு நூலாக எழுதி முதலில் இலவசமாகவே வழங்கினார். மதிய உணவுக்கு மீனோ இறைச்சியோ, கூடவே உருளை தவிர எந்தக் காயும் என்பது அவர் திட்டம். பின்வந்த பதிப்புகளில் பார்ஸ்னிப், பீட்ரூட், டர்னிப், கேரட் ஆகியவையும் விலக்குப் பட்டியலில் சேர்ந்தன. மண்ணுக்கடியில் விளைவதெல்லாம் ஒன்றே என்ற எண்ணம் அன்று வலுவாக இருந்தது. டர்னிப்பில் இருப்பது உருளையில் பாதிகூட இல்லை என்பதை அளந்து காட்ட இன்னும் அரை நூற்றாண்டு தேவைப்பட்டது.

அந்த அளவீட்டைச் சமையலறைக்குக் கொண்டுவந்தவர் பாஸ்டன் மருத்துவர் எலியட் ஜாஸ்லின். 1910களில் அவர் நோயாளிகளுக்குக் கொடுத்த அட்டவணையில் காய்கள் 5, 10, 15, 20 சதவீத மாவுச்சத்து என வகுக்கப்பட்டிருந்தன. காலிஃபிளவர், முட்டைக்கோசு, கீரை எல்லாம் முதல் வகை. டர்னிப்பும் நூக்கலும் இரண்டாம் வகை. உருளைக்கிழங்கு கடைசி வகையில் சோற்றுடனும் மக்ரோனியுடனும் இருந்தது. இதற்குப் பதில் இது, இவ்வளவுக்குப் பதில் இவ்வளவு என்று வீட்டில் சமைப்பவர் தாமே கணக்குப் போட வழி செய்த பட்டியல் அது. இன்று மாற்றுக் காய்களைப் பரிந்துரைக்கும் புத்தகங்கள் பெரும்பாலும் இந்த வரிசையையே பின்பற்றுகின்றன.

அதே ஆண்டுகளில் நியூயார்க்கின் பிரெடரிக் ஆலன் இன்னும் கடுமையான வழியில் போனார். நோயாளியைச் சர்க்கரை மறையும்வரை பட்டினி போட்டு, பிறகு மெல்ல மெல்ல உணவைக் கூட்டுவது அவர் முறை. அந்த முறையில், மும்முறை வேகவைத்து ஒவ்வொரு முறையும் தண்ணீரைக் கொட்டிவிட்ட காய்கள் கொடுக்கப்பட்டன. கரையக்கூடிய சர்க்கரையெல்லாம் வெளியேறிவிடும். எஞ்சுவது நாரும் ஈரமும்தான். கொழுப்புக்கும் கடும் கட்டுப்பாடு. அமெரிக்க அரசியல் தலைவர் சார்லஸ் எவன்ஸ் ஹியூஸின் மகள் எலிசபெத் மூன்றாண்டுகள் இந்த உணவில் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். 1922 ஆகஸ்டில் டொராண்டோவில் பிரெடரிக் பான்டிங் (லண்டன் பான்டிங்குக்கு அடுத்த தலைமுறைகளைச் சேர்ந்த வேறொருவர்) அவளுக்கு இன்சுலின் செலுத்தத் தொடங்கியபோது அவள் எடை சுமார் 20 கிலோ. அதற்குப் பிறகு எலிசபெத் 1981 வரை வாழ்ந்தார். அந்த வெந்த காய்களைக் கொடுமை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அவளைப் போன்ற சிலரை மருந்து வரும்வரை நிறுத்திவைத்தவை அவைதான்.

இன்சுலின் வந்ததும் மாற்றுக் காய்களின் அவசரம் தணிந்தது. 1950-ல் அமெரிக்க நீரிழிவு, உணவியல் சங்கங்களும் பொதுச் சுகாதாரத் துறையும் சேர்ந்து வெளியிட்ட உணவுப் பரிமாற்றப் பட்டியலில், அளவான ஒரு சிறு உருளையை ஒரு துண்டு ரொட்டிக்கு ஈடாக உண்ணலாம் என்றானது.

மருத்துவத்துக்கு வெளியே, உருளையின் இடத்தில் வேறு காயை உட்கார வைத்த மிகப் பெரிய நிகழ்வு விரும்பி நடந்ததன்று. முதல் உலகப் போரின்போது பிரிட்டிஷ் கடற்படை ஜெர்மனியை முற்றுகையிட்டிருந்தது. 1916-ன் மழைமிகுந்த பருவத்தில், அயர்லாந்தை 1845 முதல் பஞ்சத்தில் ஆழ்த்திய அதே கருகல் நோய் உருளை வயல்களைத் தாக்கியது. அந்த நோய்க்கு எதிராகத் தெளிக்கத் தேவையான செம்பு போர்த்தளவாடங்களுக்குப் போயிருந்தது. விளைச்சல் ஏறத்தாழப் பாதியானது. அதுவரை பெரும்பாலும் மாட்டுத் தீவனமாக இருந்த ருட்டபாகா அந்தக் குளிர்காலத்தில் ஜெர்மானியர் தட்டுக்கு வந்தது. உருளையின் இடத்தில் மட்டுமல்ல, ரொட்டி மாவிலும் ஜாமிலும் கட்லெட்டிலும் காப்பித்தூளிலும் அது கலந்தது. அரசும் மகளிர் அமைப்புகளும் சமையல் குறிப்புகளைப் பரப்பின. ஆனால் 100 கிராமுக்கு 37 கலோரி மட்டுமே கொண்ட அந்தக் கிழங்குடன் சேர்க்க வெண்ணெயோ பன்றிக்கொழுப்போ கிடைக்கவில்லை. நகரங்களில் ஒருவருக்குரிய பங்கு ஒரு நாளைக்கு 1,000 கலோரி அளவுக்குச் சரிந்தது. 1916-17-ன் அந்தப் பருவத்தை ஜெர்மானியர் இன்றும் ருட்டபாகாக் குளிர்காலம் என்றே குறிப்பிடுகிறார்கள்.

இரண்டாம் உலகப் போரில் பிரான்ஸ் அதே துன்பத்தைக் கண்டது. ஆக்கிரமித்த ஜெர்மானியர் உருளையை எடுத்துச் சென்றதால், மக்களுக்கு மிஞ்சியவை ருட்டபாகாவும், சூரியகாந்தியின் உறவான தோபினாம்பூர் என்ற கிழங்கும். வட அமெரிக்கப் பூர்வகுடிகள் பயிரிட்டுவந்த இந்தத் தோபினாம்பூரில் ஸ்டார்ச்சுக்குப் பதில் இனுலின் என்ற நார்ப்பொருள் இருக்கிறது. மனிதக் குடல் அதைச் சர்க்கரையாக்காது, குடல் நுண்ணுயிரிகள்தான் நொதிக்கச் செய்து வாயுவாக்கும். இதனாலேயே நீரிழிவாளருக்கு ஏற்ற கிழங்கு என்று மருத்துவர்கள் அதை முன்பே பரிந்துரைத்திருந்தார்கள். போர்க்காலத் தலைமுறைக்கோ அது வெறுப்பூட்டும் நினைவாகிவிட்டது. விடுதலைக்குப் பின் பல பிரெஞ்சுக் குடும்பங்கள் இவ்விரண்டையும் பல பத்தாண்டுகள் வீட்டுக்குள் சேர்க்கவில்லை.

இதே காய்கள் பிற்பாடு விரும்பப்பட்டதற்குக் காரணம் கொழுப்பு. பிரெஞ்சு உயர்தரச் சமையலில் காலிஃபிளவரை வேகவைத்து மசித்து க்ரீமும் வெண்ணெயும் சேர்க்கும் முறை நெடுங்காலமாக இருந்தது. பதினைந்தாம் லூயி மன்னரின் காதலி துபாரி சீமாட்டியின் பெயரால் அது வழங்கியது. செலரிக் கிழங்கு மசியலும் அப்படியே. மாவுச்சத்தை ஒதுக்கி, வெண்ணெய்க்கு அஞ்சாத உணவுமுறை ஒன்று வந்ததும் இந்தப் பழைய கைப்பக்குவம் புது வேலைக்குத் தயாராக இருந்தது. அமெரிக்க இதய மருத்துவர் ராபர்ட் அட்கின்ஸ் 1972-ல் வெளியிட்ட நூல் அப்படியொரு உணவுமுறையை முன்வைத்தது. கொழுப்பைக் குறைக்கச் சொன்ன மருத்துவ உலகம் அதைக் கடுமையாக எதிர்த்தபோதும், 1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் அது பெரும் அலையாக எழுந்தது. 2003-ல் இன்னொரு இதய மருத்துவரான ஆர்தர் அகட்ஸ்டன் எழுதிய 'சவுத் பீச்' உணவுமுறை நூல், காலிஃபிளவர் மசியலை உருளை மசியலின் இடத்தில் வைத்து வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தது. மறு ஆண்டே அமெரிக்க உருளை விவசாயிகளின் அமைப்பு தன் கிழங்கின் சத்துகளை விளக்கி விளம்பரம் செய்ய நேர்ந்தது.

மசியலைப் பொறுத்தவரை மாற்று ஓரளவு வெற்றி பெற்றது. வெந்த காலிஃபிளவரை நன்றாக வடித்து, வெறும் பாத்திரத்தில் சிறிது நேரம் வாட்டி ஈரத்தை ஓட்டிவிட்டால் கெட்டியாக நிற்கும். இதைத் தவிர்ப்பவர்களுக்குக் கஞ்சிதான் கிடைக்கும். வறுவலில் அந்த வெற்றி இல்லை. டர்னிப், ருட்டபாகா துண்டுகளில் ஸ்டார்ச் மிகக் குறைவு, சர்க்கரையும் தண்ணீரும் அதிகம். எண்ணெயில் சீக்கிரம் சிவந்துவிடும், ஆனால் மொறுமொறுப்பு வருமுன்பே துவண்டுவிடும். முள்ளங்கியை வதக்கும்போது காரம் அடங்கி உருளைக்கு அருகில் வருகிறது, அதுவும் மென்மையில்தான்.

2013-ல் விளையாட்டு மருத்துவ அறிஞர் டிம் நோக்ஸும் உடன் எழுதியவர்களும் வெளியிட்ட நூல் தென்னாப்பிரிக்காவில் மாவுச்சத்தைக் குறைக்கும் உணவுமுறையைப் பான்டிங் பெயரிலேயே மீண்டும் பரப்பியது. 2016-ல் அமெரிக்காவின் கிரீன் ஜெயன்ட் நிறுவனம் உறையவைத்த காலிஃபிளவர் மசியலையும், துருவிய காயில் செய்த உருண்டைகளையும் கடைகளுக்கு அனுப்பியது. துருவி, வடித்து, ஈரம் ஓட்டும் நேரம் மிச்சமானது.

தமிழ்நாட்டில் இந்த வழக்கம் 2010களில் பேலியோ என்ற பெயரில், தமிழ் முகநூல் குழுக்கள் வழியாகப் பரவியது. மாற்றுக் காய்கள் இங்கே புதியவை அல்ல: உருளையோடு டர்னிப், நூக்கல், முட்டைக்கோசு எல்லாம் ஆங்கிலேயர் காலத்திலிருந்தே நீலகிரிச் சரிவுகளில் விளைந்து, இங்கிலீஷ் காய் என்ற பொதுப்பெயரில் சந்தைக்கு வந்தவை. காலிஃபிளவரும் அதற்குள் வீடுகளிலும் சாலையோரத் தள்ளுவண்டிகளிலும் வறுவலாக நிலைத்திருந்தது. ஆனால் அந்த வறுவலின் மொறுமொறுப்பு மைதாவிலிருந்தும் சோளமாவிலிருந்தும் வருவது. மாவுச்சத்தைத் தவிர்ப்பவருக்கு உதவாது. பேலியோ சமைப்போர் அந்த மாவை நீக்கி, பூவை உப்பும் மஞ்சளும் போட்ட வெந்நீரில் சற்றே வேகவிட்டு, ஈரம் போக உலர்த்தி, மிளகாய்த்தூள் பிசறித் தேங்காயெண்ணெயிலோ நெய்யிலோ நிதானமான தீயில் வறுக்கிறார்கள்.