நீரோடு வாழும் இரும்பு

இரும்புக்குப் பகை நீர். துடைக்காமல் வைத்த அரிவாள்மணையும், கழுவி ஈரத்தோடு கவிழ்த்த தோசைக்கல்லும் ஓரிரவிற்குள் துருவேறிப் போவதை நம் வீடுகளில் காண்கிறோம். அவ்வாறிருக்க, நாள்தோறும் நீரைத் தன்னுள் வைத்துக் கொதிக்கச் செய்வதற்கென்றே வார்ப்பிரும்பால் ஒரு கெண்டி செய்து, அதனைப் பாட்டன் கையிலிருந்து பேரன் கைக்கு வழிவழியாக ஒப்படைத்து வந்தவர்கள் ஜப்பானியர். ‘தெட்சுபின்’ என்பது அக்கெண்டியின் பெயர். பகையாகிய நீரோடு இரும்பு உறவாடக் கற்றுக்கொண்ட வரலாற்றைச் சிறிது காண்போம்.

ஜப்பானின் பெருந்தீவாகிய ஹோன்சுவின் வடகீழ்ப் பகுதியில் இவாத்தே என்னும் மாவட்டம் உள்ளது. அதன் தலைநகர் மொரியோகா. பதினேழாம் நூற்றாண்டில் அப்பகுதியை ஆண்ட நம்பு குலத்துச் சிற்றரசர்கள் தேநீர்க் கலையில் பெருவிருப்பம் உடையவர்கள். இரும்பும், வார்ப்புக்கேற்ற மணலும் களிமண்ணும், கரிக்கு வேண்டிய காடும் அவர்கள் நாட்டிலேயே இருந்தன. இல்லாதது கைத்திறன் ஒன்றே. அதனை நாடிக் கியோத்தோ நகரிலிருந்து கொய்சுமி நிசாயெமோன் என்னும் வார்ப்புக் கலைஞரை 1659-ஆம் ஆண்டில் அழைத்து வந்தனர்.

அக்காலத்தில் தேநீருக்கு வெந்நீர் வைத்த கலத்திற்கு மூக்கும் இல்லை. தூக்கி ஊற்றுவதற்குப் பிடியும் இல்லை. மூங்கில் அகப்பையால் நீரை முகந்து, பொடியாக அரைத்த தேயிலையின்மேல் ஊற்றிக் கலக்குவர். பதினெட்டாம் நூற்றாண்டில் இப்பழக்கத்தோடு வேறொன்றும் பரவியது. 1738-இல் நகாத்தானி சோயென் என்பவர் பச்சைத் தேயிலையை ஆவியில் வாட்டி உருட்டி உலர்த்தும் முறையைச் செம்மைப்படுத்தினார். இலையின்மேல் வெந்நீரை ஊற்றிச் சாற்றை வடித்துப் பருகும் எளிய வழக்கம் பொதுமக்களிடையே வளர்ந்தது. நீரை முகந்தால் போதாது, ஊற்ற வேண்டும். கொய்சுமி மரபின் மூன்றாம் தலைமுறையினர் பழைய கலத்தைச் சிறிதாக்கி, அதற்கு மூக்கும் வளைந்த கைப்பிடியும் அமைத்தார் என்பது மொரியோகாவின் மரபுச் செய்தி. சடங்கு மண்டபத்திலிருந்த கலம் இவ்வாறு குடும்பத்தின் கரியடுப்பிற்கு வந்து சேர்ந்தது.

துருவை அது வென்றது எங்ஙனம்? மணலும் களிமண்ணும் கொண்ட அச்சில் உருகிய இரும்பை வார்த்தெடுத்த பின்னர், கெண்டியைக் கரி நெருப்பில் ஏறத்தாழ 800 முதல் 1,000 பாகை செல்சியஸ் வரை சூடாக்குவர். அப்போது அதன் உட்புறத்தில் நீலச் சாம்பல் நிறமான மெல்லிய படலம் ஒன்று உண்டாகிறது. அதுவும் இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்த பொருளே. துருவும் அவ்வகைப் பொருளே. ஆயினும் துரு உதிர்ந்து இரும்பை அரிக்கிறது. இப்படலமோ இறுகப் பற்றிக் காக்கிறது. வெளிப்புறத்தைச் சூடாக்கி அரக்குப் பூசுவர்.

தொழிலாளியின் வேலை இவ்வளவில் முடிகிறது; எஞ்சியது வீட்டாரின் வேலை. நீர் கொதித்தவுடன் முழுவதையும் வேறு கலத்தில் ஊற்றிவிட்டு மூடியைத் திறந்துவைத்தால், கெண்டியின் சொந்தச் சூட்டிலேயே ஈரம் உலர்ந்துவிடும். உட்புறத்தைத் தேய்த்துக் கழுவலாகாது; தேய்த்தால் காக்கும் படலம் போய்விடும். நாளடைவில் நீரிலுள்ள சுண்ணச் சத்து வெண்மையாகப் படிவது அழுக்கன்று. அதுவும் ஒரு கவசமே. சூடான கெண்டியில் குளிர்நீரைத் திடீரென ஊற்றினால் வார்ப்பிரும்பு வெடித்துவிடக்கூடும். துருவினால் நீர் சிவந்தால், தேயிலையைச் சிறு துணியில் முடிந்து நீரிலிட்டுக் கொதிக்க வைப்பர். தேயிலையின் துவர்ப்புச் சத்து இரும்போடு கூடிக் கரிய படலமாகிறது. கடுக்காயின் துவர்ப்போடு அன்னபேதியைக் கூட்டி நம் முன்னோர் எழுதுமை செய்ததும் இந்த வேதியியலைக் கொண்டே.

துருவுக்குத் தப்பிய கெண்டி போருக்குத் தப்புவது அரிதாயிற்று. 1937-இல் சீனாவோடு போர் மூண்டது. மறு ஆண்டில் வீட்டுப் பொருள்களுக்கு இரும்பை வார்ப்பது கட்டுப்படுத்தப்பட்டது. 1941-இல் உலோகங்களைத் திரட்டும் ஆணை பிறந்தது. கோயில் மணிகளும் வீட்டுக் கெண்டிகளும் உலைக்களம் சென்றன. மொரியோகாவின் வார்ப்புத் தொழிலாளருள் மிகச் சிலருக்கே தொழிலை நடத்த இசைவு கிடைத்தது. போர் முடிந்தபின் மலிவான அலுமினியக் கெண்டிகள் வீடுகளை நிரப்பின. எனினும் அந்தச் சிலருடைய கைகளில் தங்கிய திறன் அழியவில்லை. 1975-ஆம் ஆண்டில் ஜப்பான் அரசு சட்டப்படி மரபுக் கைவினைகளை அறிவிக்கத் தொடங்கியபோது, முதன்முதலில் இடம்பெற்றவற்றுள் நம்பு இரும்புக் கலமும் ஒன்று.

நீரே புகாத பெட்டியில் பூட்டி வைத்து இரும்பைக் காப்பது எளிது. ஆனால் அக்கெண்டி காக்கப்பட்ட வழி அதுவன்று. நாள்தோறும் அடுப்பேறியதனால், நாள்தோறும் உலர்த்தப்பட்டதனால் அது நிலைத்தது. கைத்தொழிலும் அவ்வாறே. காட்சிச் சாலையில் வைத்த கெண்டி அதன் வடிவத்தை மட்டுமே நமக்குக் காட்டும். அதை வார்க்கும் கலையோ, வார்க்கும் கைகளும் அதை வாங்கி அடுப்பேற்றும் வீடுகளும் உள்ளவரையில்தான் வாழும். நம் ஊர்க் கைவினைகளைப் பற்றி எண்ணும் மாணவர்கள் இதனை மனத்திற் கொள்வார்களாக.