மாற்றக்கால இழப்பும் இயற்கை வேளாண் மானியமும்

வேதியுரத்தைக் கைவிட்ட நிலம் மறு பருவத்திலேயே அங்கக நிலமாக ஏற்கப்படுவதில்லை. பருவப் பயிர்களுக்கு இரண்டு ஆண்டுகளும் பலவாண்டுப் பயிர்களுக்கு மூன்று ஆண்டுகளும் கழிந்த பிறகே முழுச் சான்று கிடைக்கிறது. மாற்றக்காலம் எனப்படும் இந்த இடைவெளியில், மண் தன் வளத்தை மீட்டுக்கொள்வதற்குள் பல இடங்களில் விளைச்சல் குறைகிறது. விளைந்ததும் சந்தையில் சாதாரண விலைக்கே போகிறது. உழவர் தனியே சுமக்க இயலாத இந்த இழப்பை ஈடுசெய்வதே மானியத்தின் முதற்கடமை என்றிருக்க, இந்தியத் திட்டங்கள் பெரும்பாலும் இடுபொருளுக்கான செலவையே கணக்கிடுகின்றன.

2015இல் மத்திய அரசு தொடங்கிய பரம்பராகத் கிரிஷி விகாஸ் யோஜனா இதற்குத் தெளிவான சான்று. உழவர்களைத் தொகுப்புகளாகத் திரட்டி மூன்றாண்டுகள் உதவும் இத்திட்டத்தின் திருத்திய விதிகளின்படி, ஹெக்டேருக்கு மொத்தம் ரூ. 31,500 ஒதுக்கப்படுகிறது. அதில் ரூ. 15,000 அங்கக இடுபொருள்களுக்காக உழவரின் வங்கிக் கணக்கில் நேரடியாகச் சேர்கிறது. எஞ்சியது பயிற்சி, சான்றளிப்பு, சந்தைப்படுத்தல் ஆகியவற்றுக்குப் பிரிகிறது. உழவர் கைக்கு வரும் தொகை ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ ரூ. 2,000 மட்டுமே. பஞ்சகவ்யம், மண்புழு உரம் முதலியவற்றைத் தம் தொழுவத்திலிருந்தும் வயலிலிருந்தும் உருவாக்கிக்கொள்வதே இவ்வேளாண்மையின் அடிப்படையாதலால், இடுபொருளை வாங்கத் தரும் பணம் வருமான இழப்பாகிய உண்மைச் சுமையைத் தொடாமலே நின்றுவிடுகிறது.

இதற்கு மறுபுறம் வேதியுர மானியம் காலவரம்பின்றித் தொடர்கிறது. வரியும் வேப்பெண்ணெய்ப் பூச்சுச் செலவும் நீங்கலாக 45 கிலோ யூரியா மூட்டையின் விலை ரூ. 242 என அரசு நிலைநிறுத்தியுள்ளது. ஆக்கச் செலவுக்கும் இவ்விலைக்கும் உள்ள வேறுபாட்டை அரசே ஏற்பதால், மூட்டைகள் மிக மிக மானியமும் மிகுகிறது. 2022-23இல் மொத்த உர மானியம் ரூ. 2.5 லட்சம் கோடியை எட்டியது. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற தேசிய இயற்கை வேளாண் இயக்கத்திற்கு ஒதுக்கப்பட்ட ரூ. 2,481 கோடி அதில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கே. இயற்கை வேளாண்மைக்கு மாறும் உழவர் பெறும் உதவியைக் காட்டிலும், மாறியதற்காக அவர் துறக்கும் உதவியே நிலையானது என்பது வருந்தத்தக்க முரண். உர மானியத்தை ஒரே நாளில் நிறுத்துவதும் தீர்வாகாது. 2021இல் வேதியுர இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்த இலங்கை, அவ்வாண்டு நவம்பரிலேயே பின்வாங்கியது. 2003இல் முடிவெடுத்து, உர மானியத்தைப் படிப்படியாக விலக்கி, 2016இல் முழு அங்கக மாநிலமாக அறிவிக்கப்பட்ட சிக்கிமின் பொறுமையே பின்பற்றத்தக்கது.

உணவுத் தொழிலுக்கான மானியம் இவற்றோடு இணையாமல் தனிவழியே செல்கிறது. குறு உணவுப் பதப்படுத்தும் நிறுவனங்களுக்கென 2020இல் தொடங்கிய மத்தியத் திட்டம், கடனோடு இணைத்து, திட்டச் செலவில் 35 விழுக்காட்டை, ரூ. 10 லட்சம் என்னும் உச்சவரம்புக்குள் மானியமாக அளிக்கிறது. எனினும் பரம்பராகத் திட்டத்து உழவர்கள் பெரும்பாலும் பெறுவது, உழவர் குழுவினர் ஒருவர் நிலத்தை மற்றவர் ஆய்ந்து உறுதிசெய்யும் பங்கேற்பு உத்தரவாதச் சான்றே. உள்நாட்டு விற்பனைக்கு 2017ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகள் அதனை ஏற்றாலும், ஏற்றுமதிக்கு, மத்திய அரசின் வேளாண் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையமான அபீடா நடத்தும் தேசிய அங்கக உற்பத்தித் திட்டத்தின் சான்றே வேண்டும். ஆகவே மானியம் பெற்று நிறுவிய ஆலை, மானியம் பெற்று விளைந்த நெல்லை அருகிலுள்ள வயலிலிருந்து ஏற்றுமதிக்கென வாங்க இயலாத நிலை எழுகிறது.

சான்றுகள் இரண்டையும் இணைக்கும் பாலம் அமையும் வரை, உள்ளூர்க் கொள்முதலே நம்பத்தக்க துணை. மாற்றக்காலத்து அரிசியையும் பருப்பையும் சத்துணவுக் கூடங்களும் அரசு மாணவர் விடுதிகளும் விதைப்புக்கு முன்னரே அறிவித்த விலைக்கு வாங்குமாயின், இடுபொருளுக்கென இன்று பிரியும் தொகை அவ்விலையில் சேர்ந்து விளைச்சல் இழப்பை நேரடியாக ஈடுசெய்வதோடு, மூன்றாண்டுகள் முடிந்து உதவி நின்றுபோகும் நான்காம் ஆண்டிலும் உழவரிடம் ஒரு வாடிக்கையாளர் எஞ்சியிருப்பார்.